கடனைக் கட்டி முடிச்சாச்சு... ரெக்கார்டுல முடிஞ்சுதா? ஓசூர் பட்டறைகள் கவனிக்க வேண்டிய பத்திரப் பிழைகள்!

ஓசூரில் மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பக்கமுள்ள சின்னப் பட்டறைகளுக்குள் போனால், சி.என்.சி. மெஷினின் பக்கவாட்டில் ஒரு வரி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 'ஹைப்பாதிகேட்டட் டு' என்று தொடங்கி ஒரு வங்கியின் பெயரில் முடியும். மெஷின் பட்டறைக்காரர் கையில்தான் இருக்கிறது. ஓட்டுவதும் சம்பாதிப்பதும் அவர்தான். ஆனால், கடன் தீரும்வரை அதன் மீது வங்கிக்கு ஒரு பிடி உண்டு என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம்.

மெஷின் மீது பெயின்டில் எழுதிய வரி பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். வங்கியின் பிடியை உண்மையில் காப்பாற்றுவது கம்ப்யூட்டரில் ஏறிய பதிவு. கடன் தீர்ந்ததும் பட்டறைக்காரரை விடுவிப்பதும் அதே பதிவுதான். அதில் ஓர் எழுத்தோ, ஒரு சர்வே எண்ணோ, ஒரு தேதியோ தப்பினால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நாலைந்து வருடம் கழித்து இடத்தை விற்கப் போகும்போது தெரியும். அல்லது, பெரிய ஆர்டர் ஒன்று கைக்கு வந்து, அவசரமாக அடுத்த கடனுக்கு வேறு வங்கியின் படியேறும்போது தெரியும்.

இதெல்லாம் சின்னவர்களுக்கு வரும் தலைவலி, பெரிய இடங்களில் நடக்காது என்று நினைப்பவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் கதையைக் கேட்க வேண்டும்.

150 கோடி டாலரை விட்ட ஒரு படிவம்

அமெரிக்காவில் மெஷின், சரக்கு போன்றவற்றின் மீது கடன் கொடுத்தால், அந்த விவரத்தை மாநில அரசு அலுவலகத்தில் ஒரு படிவமாகப் பதிவார்கள். கடன் தீர்ந்ததும் இன்னொரு படிவம் கொடுத்து அதை நீக்குவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2001-ல் எடுத்த சுமார் 30 கோடி டாலர் கடன் ஒன்று 2008-ல் முடிவுக்கு வந்தது. அதற்கான அடமானப் பதிவுகளை நீக்க, அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் அலுவலகம் பதிவுகளைத் தேடியது. மூன்று பதிவுகள் கிடைத்தன. மூன்றையும் நீக்கல் பட்டியலில் சேர்த்தார்கள்.

அந்த மூன்றில் ஒன்று, முடிந்துபோன கடனுக்குச் சொந்தமானதே இல்லை. 2006-ல் ஜே.பி.மார்கன் வங்கி வழியாகக் கொடுக்கப்பட்ட 150 கோடி டாலர் கடனின் பதிவு அது. பட்டியல் தயாரித்தவர், சரிபார்த்தவர், மேலே இருந்தவர், எதிர்ப்பக்கம் வங்கிக்காக ஆஜரான வழக்கறிஞர்கள் என்று எத்தனையோ கண்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்தன. யாரும் கவனிக்கவில்லை. 2009 ஜூன் 1-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. அதன் பிறகுதான் 150 கோடி டாலர் கடனுக்கு இருந்த முக்கியமான பிடி ஏற்கெனவே நீங்கிவிட்டது தெரிந்தது.

"நாங்கள் அதை நீக்க நினைக்கவே இல்லை" என்பதுதான் வங்கியின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மனதில் என்ன நினைத்தீர்கள் என்பது முக்கியமில்லை, இந்தப் படிவத்தைப் பதிய அனுமதி கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி என்று 2015 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. கதை அங்கே முடிந்தது.

ஓசூர் பட்டறைக்கும் டெட்ராய்ட் கம்பெனிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாதுதான். ஆனால், தவறு நடந்த விதம் அப்படியே நம்ம ஊர் விதம். பழைய பட்டியலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, "எல்லாம் சரியாத்தான் இருக்கும், கையெழுத்து போடுங்க" என்று நீட்டுவது இங்கே தினமும் நடக்கிறது.

ஒரு கடன், நாலு ரெக்கார்டு

இந்தியாவில் இந்தப் பதிவு ஓர் இடத்தில் இருப்பதில்லை. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு பட்டறைக்காரரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஓசூரில் சொந்த இடம், அதில் ஷெட், உள்ளே இரண்டு மெஷின், சரக்கு ஏற்ற ஒரு மினி லாரி. இடத்தின் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குகிறார். அதற்கு 'எம்.ஓ.டி.' என்று எல்லோரும் சொல்லும் உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. வில்லங்கச் சான்றில், அதாவது ஈ.சி.யில் அது தெரியும்.

இரண்டாவது இடம் 'செர்சாய்'. மத்திய அளவிலான அடமானப் பதிவேடு இது. ஒரே வீட்டுப் பத்திரத்தின் நகலை வைத்து நாலு வங்கியில் கடன் வாங்கும் மோசடிகளைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டு, 2011 மார்ச் 31 முதல் இயங்குகிறது. ஆரம்பத்தில் நிலம், வீடு என்று இருந்தது, 2016-ல் மெஷின், சரக்கு, வர வேண்டிய பில் பணம்வரை விரிந்தது. இதில் பதிய வேண்டியது வங்கியின் வேலை. கடன் வாங்கியவர் உள்ளே போய் எதையும் திருத்த முடியாது. ஆனால் பார்க்க முடியும். சொத்து விவரத்தைப் போட்டுத் தேட 10 ரூபாயும் அதற்கான வரியும்தான் செலவு. ஒரு டீ, ஒரு வடை காசு. இருந்தும் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பட்டறை 'பிரைவேட் லிமிடெட்' கம்பெனியாக இருந்தால் மூன்றாவதாக கம்பெனிப் பதிவாளரிடமும் பதிய வேண்டும். தனி உரிமையாளர், பார்ட்னர்ஷிப் என்றால் இந்த வேலை கிடையாது. நாலாவது, மினி லாரியின் ஆர்.சி. புத்தகத்தில் ஏறும் 'ஹெச்.பி.' பதிவு.

ஒன்றில் எழுதியது இன்னொன்றில் தானாக ஏறாது. ஒன்றில் நீக்கியதும் இன்னொன்றில் தானாக நீங்காது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதித் தவறைத் தவிர்த்துவிடலாம்.

எழுத்தா, இனிஷியலா?

தவறுகளில் முதலிடம் பெயருக்குத்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சர்நேம் கிடையாது என்பது பெங்களூரு கிளையிலோ, மும்பை தலைமை அலுவலகத்திலோ உட்கார்ந்து படிவம் நிரப்புபவருக்குப் புரிவதில்லை. மூலப்பத்திரத்தில் 'ராமசாமி மகன் முருகன்', ஆதாரில் 'முருகன் ரா', பான் கார்டில் 'ராமசாமி முருகன்', வங்கிக் கணக்கில் 'ஆர்.முருகன்'. நாலும் ஒரே ஆள்தான் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஓசூர் பக்கம் இது இன்னும் ஒரு படி சிக்கல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் பகுதி. 'கவுடா' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள். 'ரெட்டி' ஒரு பத்திரத்தில் பெயரோடு ஒட்டியிருக்கும், இன்னொன்றில் தனியாக நிற்கும், மூன்றாவதில் காணாமலே போயிருக்கும். அப்பா காலத்துப் பத்திரம் தமிழில் இருக்கும். எம்.ஓ.டி.யை வங்கியின் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் தயாரிப்பார். நடுவில் எழுத்து மாறாமல் இருந்தால்தான் ஆச்சர்யம்.

கம்பெனிப் பெயரிலும் இந்த ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 'ஸ்பியரிங் டூல் அண்ட் மேனுஃபேக்சரிங்' என்று ஒரு நிறுவனம் இருந்தது. வரி பாக்கிக்காக அதன் மீது வரித்துறை போட்ட பதிவில் 'அண்ட்' என்பது எழுத்தாக இல்லாமல் குறியாக இருந்தது, 'மேனுஃபேக்சரிங்' சுருக்கமாக இருந்தது. கடன் கொடுத்த வங்கி முழுப் பெயரில் தேடிப் பார்த்தது. எதுவும் வரவில்லை. நம்பி மேலும் பணம் கொடுத்தது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரித்துறையின் பதிவு செல்லும் என்றது. சுருக்கப் பெயரிலும் தேடியிருக்க வேண்டியது வங்கியின் பொறுப்பாகிப்போனது. ஆக, ஒரு சொத்தை வாங்கும் முன் தேடுபவர்கள் ஒரே ஸ்பெல்லிங்கில் தேடிவிட்டு 'க்ளியர்' என்று நிம்மதி அடையக் கூடாது.

இதற்கு மருந்து, கடன் விண்ணப்பம் கொடுக்கும் முன்பே பெயரை ஒழுங்குபடுத்துவதுதான். கம்பெனி என்றால் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர், புள்ளி, கமா உட்பட. தனி ஆள் என்றால் பான் கார்டுப் பெயரை அடிப்படையாக வைத்து, பத்திரத்தில் உள்ள பெயரையும் 'என்கிற' போட்டு இரண்டையும் ஆவணத்தில் எழுதச் சொல்லலாம். வங்கி கேட்டால் 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். பத்திரத்திலேயே எழுத்துப் பிழை என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைதிருத்தல் ஆவணம் பதிந்துவிட்டு அதன் பிறகு கடனுக்குப் போவது நல்லது. ஆவணம் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது இன்னும் நல்லது.

பாகலூர் எந்த பாகலூர்?

பெயருக்கு அடுத்தது சொத்து விவரம். இங்கேதான் எல்லைப் பகுதி தனிச் சிக்கல் தருகிறது.

ஓசூரை ஒட்டி பாகலூர் இருக்கிறது. பெங்களூரு விமான நிலையம் போகும் வழியிலும் ஒரு பாகலூர் இருக்கிறது. ஓசூரின் பேகேபள்ளியை ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாற்றினால் கர்நாடகாவின் பாகேபள்ளி ஆகிவிடும். ஜூஜூவாடிக்கு ஆங்கிலத்தில் எத்தனை ஸ்பெல்லிங் உண்டு என்று கடைப் பலகைகளைப் பார்த்து எண்ணலாம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி ஆணை வெளியிட்டு, ஒரே வாரத்தில் திரும்பப் பெற்றது ஞாபகமிருக்கலாம். அரசுக்கே பிடிபடாத ஸ்பெல்லிங் ஒரு வங்கி ஊழியருக்கு எப்படிப் பிடிபடும்? படிவத்தில் மாநிலத்தைத் தேர்வு செய்யும் இடத்தில் கர்நாடகா என்று கிளிக் ஆகிவிட்டால், தமிழ்நாட்டில் தேடுபவருக்கு அந்த அடமானம் கண்ணில் படாமலே போகலாம்.

மாவட்டப் பெயர் இன்னொரு வலை. 1965 வரை ஓசூர், சேலம் மாவட்டம். அதற்குப் பிறகு தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். தாத்தா காலத்துப் பத்திரத்தில் சேலமும், அப்பா காலத்துப் பத்திரத்தில் தருமபுரியும், பாகப்பிரிவினையில் கிருஷ்ணகிரியும் இருக்கும். பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே டைப் அடித்தால், சொத்து தருமபுரியில் இருப்பதாகப் பதிவாகும். சூளகிரி தனித் தாலுகா ஆன பிறகும், பழைய காகிதத்தைப் பார்த்து ஓசூர் தாலுகா என்று எழுதுவதும் இதே ரகம்.

அதைவிட முக்கியம் சர்வே எண். உட்பிரிவு ஆகும்போதெல்லாம் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தோ, எண்ணோ கூடிக்கொண்டே போகும். பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புதிய எண். இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டாலும் பின்னால் தேடுபவருக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும்.

பரப்பளவும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பத்திரத்தில் சென்ட். எல்லைக்கு அந்தப் பக்கம் குண்டா. ஒரு குண்டா என்பது இரண்டரை சென்ட். ஓசூர்ப் பெரியவர்கள் பலருக்கு இரண்டும் வாயில் வரும். 20 சென்ட் என்பதை யாராவது 20 குண்டா என்று எழுதினால் இடம் இரண்டரை மடங்கு பெரிதாகிவிடும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஏலம் வரும்போது சிரிப்பு வராது. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருப்பதையும் சேர்த்து மூன்று அளவும் ஒத்துப்போகிறதா என்று ஒரு கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சிப்காட்டுக்குள் பிளாட் வைத்திருப்பவர்களுக்கு வேறு விஷயம். அந்த நிலம் சிப்காட்டுக்குச் சொந்தம், தொழில் நடத்துபவரிடம் இருப்பது நீண்டகாலக் குத்தகை உரிமை. அடமானம் வைக்க சிப்காட்டின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆவணத்தில் 'நிலம்' என்று எழுதாமல் 'குத்தகை உரிமை' என்றே எழுத வேண்டும். இல்லாத ஒன்றை அடமானம் வைத்ததாக எழுதிக்கொடுப்பது பிற்பாடு இரண்டு பக்கத்துக்கும் வம்பு.

சிப்காட்டுக்கு வெளியே, பட்டாவில் இன்னும் 'புன்செய்' என்று இருக்கும் இடத்தில் ஷெட் போட்டவர்களும் உண்டு. விவசாய நிலத்தின் மீது 'சர்ஃபேசி' சட்டப்படி வங்கி நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியாது. அதனால் நில வகைப்பாட்டை வங்கி துருவித் துருவிக் கேட்கும். அதைத் தொந்தரவாக நினைக்காமல், பட்டறையின் உண்மை நிலையை ஆவணத்தில் எழுத வைப்பதே நல்லது.

பத்திரம் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

ஓசூரிலிருந்து பெங்களூரு கூப்பிடு தூரம். கடன் பேசுவது, சாங்ஷன் ஆவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். பத்திரத்தை அங்குள்ள கிளையில் கொடுப்பதில் தவறில்லை. அப்படி ஒப்படைத்து அடமானம் வைக்க அனுமதிக்கப்பட்ட நகரங்களில் பெங்களூருவும் ஒன்று. ஆனால், எம்.ஓ.டி. பதிவு என்று வரும்போது, சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பதிய வேண்டும். கர்நாடகாவில் எதையாவது எழுதி வைத்துக்கொண்டு இங்கே பதியாமல் விட்டால், தமிழ்நாட்டு ஈ.சி.யில் அது வராது.

இது யாரைப் பாதிக்கும்? அந்த இடத்தை நாளை வாங்குபவரை. ஈ.சி. சுத்தமாக இருக்கிறது என்று முன்பணம் கொடுத்தவருக்கு, மூலப்பத்திரம் பெங்களூருவில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் தூங்குவது தெரியாது. அதனால்தான் இந்தப் பகுதியில் இடம் வாங்குபவர்கள் ஈ.சி.யோடு செர்சாய் தேடலும் செய்ய வேண்டும். விற்பவரிடம் நகலை மட்டும் வாங்காமல் அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். "அசல் லாக்கர்ல இருக்கு, ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்குத் தர்றேன்" என்ற வார்த்தையைக் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

மெஷினுக்கும் ஒரு வரி சொல்ல வேண்டும். மாடல் பெயரை மட்டும் எழுதிவிட்டு சீரியல் நம்பரை விடுவது சர்வ சாதாரணம். ஒரே மாடலில் இரண்டு மெஷின் இருந்து, ஒன்று ஒரு வங்கியிலும் மற்றொன்று வேறு வங்கியிலும் கடனில் இருந்தால், எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? பில்லில் இருக்கும் நம்பரை நம்பாமல், மெஷினில் அடித்திருக்கும் தகட்டை மொபைலில் போட்டோ எடுத்து அதைப் பார்த்து எழுதுவது பாதுகாப்பு.

தேதி போனால்...

பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு நாள் கணக்கு கறார். கடன் ஆவணத்தில் கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் 'சி.ஹெச்.ஜி.-1' படிவம் போய்விட வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 60 நாள் வரை. அதன் பிறகும் தவறினால் கடன் தொகையைப் பொறுத்த கட்டணத்தோடு இன்னொரு 60 நாள். 2018 நவம்பருக்குப் பிறகு உருவான அடமானங்களுக்கு இதுதான் விதி, அதற்கு மேல் கதவு மூடிவிடும். பதியாத அடமானத்தை, கம்பெனி மூழ்கும்போது கலைப்பு அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

வங்கி பதியாமல் விட்டால் நமக்கென்ன நஷ்டம் என்று ஒரு கேள்வி வரும். செர்சாயில் பதியாத அடமானத்துக்கு சர்ஃபேசி சட்டத்தின் சிறப்பு அதிகாரத்தை வங்கி பயன்படுத்த முடியாது. இந்த விதி 2020 ஜனவரி 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிந்திருந்தால், அரசு வரி பாக்கிக்கும் முன்னால் வங்கிக்கு முன்னுரிமை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 ஆகஸ்ட்டில் இதை விரிவாகப் பேசியது. சரி, பதிவில் ஓட்டை விழுந்து அந்த முன்னுரிமை போனால் வங்கி சும்மா இருக்குமா? அடுத்து, உத்தரவாதக் கையெழுத்து போட்ட மைத்துனர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். தங்கை வீட்டுக்காரர் ஒரு வார்த்தைக்காகப் போட்ட கையெழுத்து குடும்பச் சண்டையில் போய் நிற்கும். வங்கியின் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கடன் வாங்கியவருக்கும், ஜாமீன் போட்டவருக்கும் தேவையான வேலைதான்.

கடன் கையில் வந்த மாதமே வங்கியிடம் மூன்று காகிதம் கேட்கலாம். பதிவான எம்.ஓ.டி. நகல், செர்சாய் பதிவு எண் உள்ள ரசீது, கம்பெனி என்றால் பதிவாளர் தரும் சான்றிதழ். மூன்றையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால், தவறு பச்சையாக இருக்கும்போதே பிடிபடும். அப்போது வங்கி ஒரு திருத்தப் பதிவு போட்டால் முடிந்தது.

முடிப்பதில்தான் மொத்த அலட்சியமும்

கடைசித் தவணை கட்டி, வங்கி ஒரு 'நோ டியூஸ்' கடிதம் கொடுத்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கும். பதிவேடுகளில் கடன் அப்படியே இருக்கும்.

எம்.ஓ.டி.யை முடிக்க, வங்கி அதிகாரி வந்து ரசீது ஆவணம் பதிந்து கொடுக்க வேண்டும். 2023 ஜூலையில் அதன் பதிவுக் கட்டணம் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆனது. அப்படியும் பெரிய காசில்லை. பதிந்த சில நாளில் பதிவுத்துறை இணையதளத்தில் ஈ.சி.யை இலவசமாகவே போட்டுப் பார்த்து, அந்த ரசீது எண் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யலாம். செர்சாயில் வங்கி 30 நாளுக்குள் கடன் தீர்ந்ததைப் பதிய வேண்டும். கம்பெனிகள் அதே 30 நாளுக்குள் 'சி.ஹெச்.ஜி.-4' போட வேண்டும். தவறினால் 300 நாள் வரை கூடுதல் கட்டணம், அதற்கும் பிறகு என்றால் மண்டல இயக்குநர் வரை மனு. பத்து வருடம் முன்பு தீர்ந்த கடன் இன்னும் 'ஓப்பன்' என்று காட்டும் கம்பெனிக்குப் புது வங்கி கதவைத் திறக்காது.

இந்தப் பகுதியில் இன்னொரு கூடுதல் சிக்கல், காணாமல் போன வங்கிகள். ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017-ல் ஸ்டேட் பேங்கோடு சேர்ந்தது. விஜயா பேங்க் 2019-ல் பேங்க் ஆஃப் பரோடாவில் கரைந்தது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் பேங்க் கனரா வங்கியிலும், கார்ப்பரேஷன் பேங்க் யூனியன் வங்கியிலும் போயின. எல்லாமே கர்நாடகாவில் வேர் உள்ளவை. அவற்றில் கடன் வாங்கியவர்களின் ஈ.சி.யில் பழைய பெயர்தான் நிற்கும். ரசீது ஆவணத்தில் புதுப் பெயரை மட்டும் எழுதினால், எந்த அடமானம் முடிந்தது என்று இணைத்துப் பார்க்க முடியாது. பழைய வங்கி, அது இணைந்த வங்கி, பழைய எம்.ஓ.டி. எண், ஆண்டு எல்லாம் அந்த ஆவணத்துக்குள் வர வேண்டும்.

வீட்டுக் கடன், கல்விக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் ஒரு நல்ல விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. முழுப் பணம் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளிலிருந்தும் அடமானத்தை நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரத்தையே தொலைத்துவிட்டால், நகல் பெற வங்கி உதவி செய்து செலவையும் ஏற்க வேண்டும், அதற்கு மட்டும் இன்னொரு 30 நாள் அவகாசம். பத்திரத்தைக் கடன் நடந்த கிளையில் வாங்குவதா, அது இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்குவதா என்பது வாடிக்கையாளர் விருப்பம். கடன் வாங்கியவர் இறந்துபோனால் வாரிசுகளுக்கு எப்படித் தருவோம் என்பதையும் வங்கி தன் இணையதளத்தில் போட வேண்டும்.

பட்டறைக்காரர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. இந்த விதி தனிநபர் கடன்களுக்கானது, தொழில் கடனுக்கு அல்ல. தொழில் கடன் வாங்குபவர்கள் பத்திரம் திரும்பும் நாளையும் இடத்தையும் சாங்ஷன் கடிதத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்பதுதான் வழி. கையெழுத்து போடும் முன் கேட்டால் சில நேரம் கிடைக்கும், போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

கடைசியாக அந்த மினி லாரி. தவணை முடிந்ததும் வங்கி தரும் என்.ஓ.சி., கையெழுத்திட்ட 'படிவம் 35' இரண்டையும் வைத்து ஆர்.டி.ஓ.வில் ஹெச்.பி.யை நீக்க வேண்டும். என்.ஓ.சி.க்குச் சில மாதங்கள்தான் ஆயுள், பீரோவில் தூங்கவிட்டால் திரும்ப வங்கிக்கு அலைய வேண்டும். ஓசூரில் ஓடும் வண்டிகளில் டி.என்.70 எவ்வளவோ, அதற்குக் குறையாமல் கே.ஏ.51-ம் கண்ணில் படுகிறது. கர்நாடகப் பதிவு வண்டிக்கு ஹெச்.பி. நீக்கும் விண்ணப்பம் பதிவு செய்த அந்த மாநில அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். கடனோடு இருக்கும் வண்டியை டி.என். பதிவுக்கு மாற்றுவதென்றால் வங்கியின் சம்மதமும் தேவை. சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் என்.ஓ.சி.யில் பார்த்துவிட்டு வங்கியிலிருந்து நகர்வது நல்லது. ஓர் எண் மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆர்.சி.யில் நீங்கிய பிறகும் ஓர் இடம் பாக்கி இருக்கும், இன்ஷூரன்ஸ் பாலிசி. அதிலும் வங்கியின் பெயர் இருக்கும். புது ஆர்.சி. நகலைக் கொடுத்து அதையும் நீக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வண்டி பெரிய விபத்தில் சிக்கி கிளெய்ம் போடும் அன்று, என்றோ கடன் முடித்த வங்கியின் கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும். ஷெட்டுக்கும் மெஷினுக்கும் எடுத்த தீ விபத்து பாலிசியிலும் இதே வேலை இருக்கிறது.